ஆறடுக்குக் கட்டடம்

எனக்கு நேர்க்கோடு வராது. இன்றைக்கும் வராது. கவரின் மேல் முகவரி எழுதினால்கூடக் கடைசி வரி மேலே ஏறிப் போய் ஸ்டாம்பில் முட்டிக்கொண்டு நிற்கும். இதற்காகப் பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய குட்டுகள் கொஞ்சநஞ்சமல்ல. எட்டு வயதில் ஒரு தடவை, நேர்க்கோடு வராத ஒரே காரணத்தால் எங்கள் களத்துமேட்டில் நான் செய்துவைத்த காரியத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அப்போது மூன்றாம் வகுப்பு முடியப் போகிற சமயம். மாமா மன்னார்குடிக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு சிறுவர் பத்திரிகை வாங்கி வருவார். அதன் கடைசிப் பக்கத்தில் ஆறு கட்டம் போட்டுப் படிப்படியாகப் படம் வரையச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பூனை, யானை, முயல் எல்லாம் முடிந்து, அந்தப் பங்குனியில் ஒரு கட்டடம் வந்திருந்தது. சிரிக்கிற கட்டடம். முதல் கட்டத்தில் நெட்டுக்குத்தாக ஒரு பெட்டி. இரண்டாவதில் மாடிகளுக்காகக் குறுக்குக் கோடுகள். மூன்றாவதில் மேல்மாடி ஜன்னல் இரண்டும் கண்களாகிவிடும். நாலாவதில் வாசல் வாயாகி, படிக்கட்டு பல்லாகிவிடும். ஐந்தாவதில் இரண்டு பக்கமும் கை முளைக்கும், அடியில் பூட்ஸ் போட்ட கால்கள் வரும். ஆறாவதில் தொப்பி, மீசை, வண்ணம். நான் அதைச் சிலேட்டிலும் நோட்டிலும் கல்யாணப் பத்திரிகைகளின் முதுகிலும் போட்டுத் தள்ளினேன். ஒவ்வொரு கட்டடமும் கள்ளுக்கடையிலிருந்து திரும்பி வருவது மாதிரி சாய்ந்துகொண்டு நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும், "அங்க காத்து அடிக்குதுடி, அதான் சாயுது" என்று எனக்காகப் பரிந்து பேசினார். அதற்காகவே மாமாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மாமா, அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். நிலம் அப்பாவின் பெயரில் இருந்தாலும் அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் குடியிருந்ததால் பண்ணையை மாமாதான் பார்த்துக்கொண்டார். அதோடு ஊரில் ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளரும் அவர்தான். கரைவேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு மேடையேறினார் என்றால் எங்கள் ஊர் நாய்கூடக் குரைக்காமல் கேட்கும். பண்ணையாட்கள் யாருடைய நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருக்கிறார்களோ, அந்த மனை இனி அவர்களுக்கே சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தபோது கடைத்தெருவில் சரவெடி கொளுத்தியவர் மாமா. சட்டம் மற்றவர்களுடைய நிலத்துக்கு வருகிற வரைக்கும் அவருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

எங்கள் நிலத்தில் இருந்தது ஒரே ஒரு குடிசை. களத்துமேட்டின் ஓரத்தில், வாய்க்காலைப் பார்த்தபடி மண்சுவரும் கீற்றுக் கூரையுமாக நின்றது. எங்கள் வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறவரும், அறுவடை நாட்களில் களத்தைக் காவல் காப்பவரும் ஒருவரே. அவரும் அவர் மனைவியும் மகளும் அதில் இருந்தார்கள். குடிசையைப் போட்டது அவருடைய அப்பா. மகள் பெயர் தமிழரசி. என் வயதுதான். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. இவள் பிறந்ததும் அவள் அப்பா, கட்சிக் கூட்டத்துக்கு வருகிற தலைவர் கையால் பெயர் வைக்கலாமென்று குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். தலைவரின் கார் வழியில் நின்றுவிட்டது. குழந்தை மேடையிலேயே வீறிட்டு அழ, அதுவரை மைக்கைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டிருந்த மாமாவே 'தமிழரசி' என்று பெயர் வைத்து இறக்கிவிட்டார். நாங்கள் அரசி என்போம்.

அரசியின் அம்மாவுக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. இந்தப் பிள்ளையாவது தங்கினால் வருஷா வருஷம் பொங்கலுக்கு அவள் உயரத்துக்கு ஒரு அரளிப்பூ மாலை கட்டி எல்லையம்மனுக்குப் போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டிருந்தாள். அதற்கு அளவு வேண்டுமல்லவா? குடிசைக்குள், சுவரோடு சேர்ந்து கூரையைத் தாங்கி நிற்கிற பனங்கால் ஒன்று உண்டு. பொங்கலன்று விடிந்ததும் அரசியைக் குளிப்பாட்டி அதில் சாய்த்து நிறுத்துவார்கள். அவள் அப்பா உச்சந்தலைக்கு நேராக அரிவாளால் ஒரு வெட்டு வெட்டுவார். அந்த வெட்டிலிருந்து தரை வரைக்கும் மாலை. மூன்று வயதில் தொடங்கி, அந்தப் பனங்காலில் அப்போது ஆறு வெட்டு இருந்தது. எந்த வெட்டு எந்த வருஷத்துது என்று அரசிக்கு இணையாக எனக்கும் தெரியும். நான் அந்தக் குடிசைக்கு நினைத்தபோது போவேன், வருவேன். யாரையும் கேட்க மாட்டேன். திரும்பி வந்தால் கொல்லைக் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். அரசி எங்கள் வீட்டில் மாட்டுக்கொட்டகையைத் தாண்டி வந்ததில்லை. அது யாருடைய சட்டமென்று நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் கூலித் தகராறில் ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. வாய்க்கால் மதகில் விவசாயக் கூலிகள் சங்கத்தின் கொடி பறந்தது. பக்கத்து ஊரில் அரிவாள் வெட்டு விழுந்து, இரண்டாம் போகமான தாளடி அறுப்புக்குப் போலீஸ் வேன் காவல் நின்றது. சாயங்காலமானால் அம்மா எங்களை வாசலில் விளையாட விடமாட்டாள். இந்த நேரத்தில்தான் எங்கள் களத்துமேட்டுக் குடிசைக்கு மனைப்பட்டா கேட்டுச் சங்கத்தார் மனுப் போட்டிருப்பதாகவும், தாலுகா ஆபீசிலிருந்து அதிகாரி பார்வையிட வருவதாகவும் ஊர்க் கணக்குப்பிள்ளை வந்து சொன்னார். கையைப் பிசைந்துகொண்டு நின்ற மாமாவிடம், "குடியிருப்புன்னு ஒண்ணு இருந்தாத்தானங்க மனை" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். மாமா பிசைவதை நிறுத்தினார்.

மறுநாளே அரசியின் அப்பா, அம்மா, அவள் மூன்று பேரையும் குடவாசல் பக்கம் பெரியப்பாவின் வயலுக்கு அறுப்புக்கு அனுப்பியாயிற்று. அங்கே ஆள் இல்லை, நாலு நாள் வேலை, நல்ல கூலி என்று மாமா சொன்னார். அவர்கள் போன மறுநாள் மாட்டுக்கொட்டகையில் அரசி வீட்டுப் பித்தளைக் குடமும் சட்டிப்பானைகளும் வைக்கோலுக்கு அடியில் கிடப்பதைப் பார்த்தேன். அவளுடைய பச்சைப் பாவாடையும் ஒரு மூட்டையில் துருத்திக்கொண்டிருந்தது. குடிசைக்குப் போனால் உள்ளே அடுப்பு இல்லை. அடுப்பு இருந்த இடம் புதிதாக மெழுகியிருந்தது. சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்து, வாசலுக்கு மேலே ஒரு பலகையில், 'இலவச இரவுப் பாடசாலை' என்று பெயின்டில் எழுதி மாட்டியிருந்தார்கள்.

மாமா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். எட்டு வயதுப் பெண்ணை யாரும் தூக்க மாட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

"ஒன்னோட கட்டடத்த இந்தச் செவுத்துல போடணும். ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு ஆறையும் போடு. கடைசிப் படம் பெருசா இருக்கணும். பாக்குறவங்க பள்ளிக்கூடம்னு சொல்லணும்" என்றார்.

"அரசி வந்தா எங்க படுத்துப்பா மாமா?"

"வந்து பாத்தா அசந்து போயிடுவா. நீ பேசாம போடு." அப்புறம் என்னை இறக்கிவிட்டு, "நாளைக்கு ஒரு சார் வருவாரு. கேட்டா, மூணு வருஷமா பள்ளிக்கூடம் நடக்குது, இங்கதான் படம் போடக் கத்துக்கிட்டேன்னு சொல்லணும். சொன்னா தஞ்சாவூர்லேர்ந்து கலர்ப் பென்சில் டப்பா. பன்னெண்டு கலரு" என்றார்.

பொய் சொல்வதில் எனக்கு அப்போது பெரிய ஆட்சேபம் எதுவும் இருந்ததாக நினைவில்லை. அதுவும் பன்னிரண்டு கலர். இதெல்லாம் ஒரு நாள் நாடகம், முடிந்ததும் அரசி திரும்பி வந்து என் படத்தைப் பார்த்து வாயைப் பிளப்பாள் என்றுதான் நம்பினேன். அவளுக்குச் சொல்லாமல் அவள் வீட்டை அலங்காரம் பண்ணுகிறோம் என்ற சந்தோஷத்தில் எனக்குச் சோறுகூட இறங்கவில்லை.

கரித்துண்டு, காவிக்கட்டி, துணிக்குப் போடுகிற நீலம் மூன்றும்தான் என் சாமான்கள். நீலத்தைக் கொட்டாங்கச்சியில் கரைத்துக்கொண்டேன். முதல் ஐந்து படங்களையும் வரிசையாகப் போட்டு முடித்தேன். ஐந்தும் வழக்கம்போலச் சாய்ந்தன. தூரத்தில் நின்று பார்த்தால் ஐந்து பேர் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குவது மாதிரி இருந்தது. ஆறாவதுதான் பெரியது. அதுவும் சாய்ந்தால் மானம் போய்விடும். என்ன செய்வதென்று தெரியாமல் கரியைக் கடித்துக்கொண்டு நின்றபோது அந்தப் பனங்கால் கண்ணில் பட்டது. நேர்க்கோடு அங்கே தயாராக நின்றுகொண்டிருந்தது. அதையே கட்டடத்தின் ஒரு பக்கமாக வைத்துக்கொண்டேன். அரசி உயரத்துக்குக் கட்டடம். குறுக்குக் கோடுகளும் எனக்குக் கோணும் என்பதால், ஆறு வெட்டிலிருந்தும் ஆறு கோடு இழுத்துவிட்டேன். கீழ்த்தளம் என் வயிற்றுக்கு மேலே வரை உயரம். அதற்கு மேலே உள்ள மாடிகள் எல்லாம் என் கையகலம்தான். ஒரு மாடி இரண்டு விரல் அகலம்கூட இல்லை. அதில் ஜன்னலைப் படுக்கவைத்துத்தான் வரைய வேண்டியிருந்தது. ஆனாலும் சாயவில்லை. என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் நிமிர்ந்த கட்டடம் அது. தொப்பி போட்டு, காவியில் மீசை வைத்து, கீழே என் பெயரையும் வகுப்பையும் எழுதினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் எங்கள் தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரைச் சிலேட்டோடு அங்கே உட்காரவைத்தார்கள். பள்ளிக்கு ஒரு நாள் லீவு, ஆளுக்கு ஒரு கடலைமிட்டாய். மாமாவின் கட்சி நண்பர் ஒருவர் கையில் குச்சியோடு வாத்தியாராக நின்றார். வெளியே களத்தில் மாமாவின் ஆட்கள் ஏழெட்டுப் பேர் சும்மா நிற்பது மாதிரி நின்றார்கள். சும்மா நிற்கிறவர்கள் கையில் எதற்குக் கம்பு என்று எனக்குத் தோன்றியது.

அதிகாரி சைக்கிளில் வந்தார். பேன்ட்டின் அடியைக் கிளிப் போட்டு மடித்திருந்தார். ஒல்லியான மனிதர், வயது முப்பதுக்குள்தான். கணக்குப்பிள்ளை பின்னாலேயே குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். பிள்ளைகள் அ, ஆ என்று அலறினார்கள். அதிகாரி குனிந்து உள்ளே நுழைந்தார். தோள் சுவரில் உரசி, சட்டையில் வெள்ளையாக அப்பிக்கொண்டது. அதைத் தட்டிவிட்டு விரலைத் தேய்த்துப் பார்த்தார்.

"பாடசாலையா? எத்தன வருஷமா?" என்று கேட்டார்.

"மூணு வருஷமாங்க. நம்ம சொந்தச் செலவு. ஏழை ஜனங்க முன்னுக்கு வரணும்ல" என்றார் மாமா. மேடைக் குரல்.

"ராத்திரிப் பள்ளிக்கூடம்னு எழுதிருக்கு. காலைல நடக்குது?"

"நீங்க வர்றீங்கன்னு வச்சோம் சார்" என்றார் மாமா, ஒரு நொடிகூடத் தயங்காமல். மாமாவின் கெட்டிக்காரத்தனத்தை நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அதிகாரி நோட்டைத் திறந்தார். அடுப்பு இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் நெளிந்துகொண்டே எழுந்து நின்றான். டவுசரின் பின்பக்கம் வட்டமாகச் சாணி. மெழுகியது காயவில்லை. அதிகாரி அந்த வட்டத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். வாத்தியார் அவசரமாகப் பையனை உட்காரவைத்தார். அப்புறம் அதிகாரி சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"யாரு வரைஞ்சது?"

மாமா என் தோளில் கைவைத்து முன்னால் நகர்த்தினார். "நம்ம அக்கா பொண்ணுதாங்க. இங்க வந்துதான் கத்துக்கிட்டா. சொல்லும்மா."

"ஆமா சார். மூணு வருஷமா பள்ளிக்கூடம் நடக்குது. இங்கதான் படம் போடக் கத்துக்கிட்டேன்" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன். சொல்லிக்கொடுத்த அத்தனையும் ஒரு எழுத்துக் குறையாமல் வந்துவிட்டது. பன்னிரண்டு கலரும் கண்ணுக்குள் சுற்றின.

அதிகாரி தலையாட்டினார். நோட்டில் ஏதோ எழுதப் போனார். மாமாவின் கை என் தோளில் லேசாகத் தளர்ந்தது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. அவர் பேனாவை வைத்துக்கொண்டே இன்னொரு தடவை ஆறாவது படத்தைப் பார்த்தார். பார்த்துச் சிரித்தார்.

"கட்டடம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மாடியெல்லாம் தப்பா இருக்கே பாப்பா. கீழ அவ்ளோ ஒசரம், மேல ஒவ்வொண்ணும் இத்துனூண்டு. அதுல இது ஒண்ணு ரொம்ப மோசம். இதுக்குள்ள ஆளு எப்படிப் போறது? அளவே இல்லாம போட்டுட்டியே."

வாத்தியாராக நின்றவர் சிரித்தார். கணக்குப்பிள்ளை சிரித்தார். பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. சாய்ந்த கட்டடத்தைப் பார்த்துச் சிரிக்கட்டும், அது நியாயம். நிமிர்ந்து நிற்கிற என் ஒரே கட்டடத்தைப் பார்த்தா சிரிப்பது?

"அளவு பாத்துதான் சார் போட்டேன்" என்றேன். கையை நீட்டிப் பனங்காலைக் காட்டினேன். "வெட்டு எங்க இருக்கோ அங்கதான் கோடு. இது அரசிக்கு மூணு வயசுல வெட்டுனது. இது நாலு. இது அஞ்சு. இந்தச் சின்னது அவளுக்கு அம்மை போட்ட வருஷம், அந்த வருஷம் அவ வளரவே இல்ல. இது இந்தப் பொங்கலுக்கு வெட்டுனது. நான் பக்கத்துலதான் நின்னேன். நீங்க வேணா தொட்டுப் பாருங்க சார், இன்னும் வெள்ளையா இருக்கும்."

சிரிப்பு நின்றுவிட்டது. மாமாவின் விரல்கள் என் தோளுக்குள் இறங்கின. வலித்தது. ஏன் அழுத்துகிறார் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அதிகாரி பனங்காலுக்குப் பக்கத்தில் போய் ஒவ்வொரு வெட்டாக விரலால் தடவினார். கீழே இருந்தவை கறுத்து, புகை ஏறி, விளிம்பு மழுங்கியிருந்தன. மேலே இருந்தது புதிதாக இருந்தது.

"அரசி யாரு?" என்று கேட்டார். என்னை அல்ல, மாமாவை.

"அது... முன்னாடி இங்க ஒரு ஆளு களம் காத்துக்கிட்டு இருந்தான். அவன் பொண்ணு. அவங்க போன வருஷமே ஊர விட்டுப் போயிட்டாங்க."

போன வருஷமா? அரசி போய் இரண்டு நாள்தான் ஆகிறது. அவளுடைய பச்சைப் பாவாடை எங்கள் கொட்டகையில் இருக்கிறது. நான் வாயைத் திறந்தேன். தோளில் இருந்த கையின் கனத்தில் மூடிக்கொண்டேன். மாமா என்னைப் பொய் சொல்லச் சொன்னபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மாமாவே சொன்னபோது பயமாக இருந்தது.

அதிகாரி நோட்டை மூடினார். வெயிலாக இருக்கிறது, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று வெளியே வந்து பூவரச மர நிழலில் சைக்கிளை நிறுத்தி அதன் கேரியரில் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்து இளநீர் சாப்பிடலாமே என்று மாமா இரண்டு தடவை கூப்பிட்டார். அவர் வரவில்லை. அவர் யாருக்கோ காத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு, என் படத்தை இன்னொரு தடவை பார்க்கத்தான் இருக்கிறார் என்று நினைத்தேன்.

உச்சிவேளைக்கு வாய்க்கால் கரையில் ஆட்கள் தெரிந்தார்கள். முன்னால் அரசியும் அவள் அம்மாவும். பின்னால் அவள் அப்பா. அவருக்குப் பின்னால் பத்திருபது பேர், அறுப்பு வயலிலிருந்து அப்படியே கிளம்பி வந்தவர்கள், இடுப்பில் கருக்கரிவாள். சங்கத்தார் யாரோ ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கிறார்கள். குடவாசல் பக்கத்திலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தார்கள். களத்தில் சும்மா நின்ற ஆட்கள் இப்போது கம்பைக் கையில் மாற்றிப் பிடித்தார்கள். பிள்ளைகள் சிலேட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள். இரண்டு பக்கமும் நெருங்கி, நடுவில் நெல் உலர்த்துகிற பாய் ஒன்றின் அகலம்தான் இடைவெளி இருந்தது. அப்போதும் நான் ஓடாததற்குக் காரணம் தைரியமல்ல. மாமா கையை எடுக்கவில்லை.

அரசியின் அம்மா யாரையும் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தாள். குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். அடுப்பு இருந்த இடத்தைப் பார்த்தாள். அப்புறம் சுவரை. என் படங்களை ஒன்று விடாமல் பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாயைப் பிளக்கவில்லை.

அதிகாரி எழுந்து இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் வந்து நின்றார். அந்த ஒல்லி உடம்புக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்குமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"யாரும் ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. அந்தப் பொண்ணு மட்டும் உள்ள வரட்டும்."

அரசி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தாள். அரசி உள்ளே போனதும், யாரும் சொல்லிக்கொடுக்காமல், பொங்கலன்று நிற்பது மாதிரியே நேராகப் போய்ப் பனங்காலில் முதுகைச் சாய்த்துக் கைகளைத் தொங்கவிட்டு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் என் கட்டடம், அவளுடைய உயரத்தில், மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தது. அதிகாரி அவள் உச்சந்தலையில் நோட்டைப் படுக்கவைத்தார். மேல் வெட்டைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக இருந்தது. இரண்டு மாசத்து வளர்த்தி.

"ஒன் பேரு என்னம்மா?"

"தமிழரசி."

"நல்ல பேரு. யாரு வச்சது?"

அரசி வாசலுக்கு வெளியே நின்ற மாமாவைப் பார்த்துக் கையை நீட்டினாள். "சின்னய்யாதான் சார் வச்சாங்க" என்றாள்.

என் தோளில் இருந்த கை விலகியது. மாமா வேட்டி நுனியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கம்பு வைத்திருந்தவர்களில் ஒருவர் தரையைப் பார்த்தார். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் காகித வேலை. அப்பாவைக் கூட்டி வந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஆமா, இங்கதான் குடியிருக்காங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கையெழுத்துப் போட்டார். சண்டை நடக்கவில்லை. பட்டா அந்த ஆடிக்குள் வந்துவிட்டது.

ஊரில் சிலர் என்னை உண்மை பேசிய பெண் என்று புகழ்ந்தார்கள். அது அநியாயமான புகழ்ச்சி. நான் உண்மைக்காகப் பேசவில்லை, என் மாடிகளுக்காகப் பேசினேன். அதிகாரி மட்டும் 'நல்லாருக்கு பாப்பா' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால், நானும் நன்றி சொல்லிவிட்டுக் கலர்ப் பென்சிலோடு வீடு போயிருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மாமா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசவுமில்லை. பென்சில் டப்பாவை முன்கூட்டியே வாங்கி வந்திருந்தார். அதை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, தூக்கிப் போடவுமில்லை. பீரோவுக்கு மேலே அது ரொம்ப வருஷம் இருந்தது.

எல்லாம் அடங்கிய ஒரு சாயங்காலம் நான் களத்துமேட்டுக்கு ஓடினேன். அரசி என் படத்தை என்ன சொல்கிறாள் என்று தெரிந்தாக வேண்டும். பலகை இல்லை. அடுப்பு பழைய இடத்துக்கு வந்து புகைந்துகொண்டிருந்தது. வழக்கம்போல வாசலில் குனிந்து ஒரு காலை உள்ளே வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். சுவரில் ஒன்றுமில்லை. ஐந்து சின்னக் கட்டடமும் இல்லை, பெரியதும் இல்லை, சுண்ணாம்பே இல்லை. மண்ணும் சாணியும் கலந்து சுவர் முழுக்கப் புதிதாக மெழுகியிருந்தது. பனங்காலில் ஆறு வெட்டு மட்டும் இருந்தது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் நிமிர்ந்த கட்டடம். அவள் உயரத்துக்கு நான் பார்த்துப் பார்த்துப் போட்டது. ஏன் அழித்தார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அடுப்படியிலிருந்து அரசியின் அம்மா எழுந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். ஓரமாகச் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்து உதறி என் முன்னால் விரித்தாள்.

"வாங்க பாப்பா. உள்ள வந்து உக்காருங்க" என்றாள்.

அதுவரை அந்தக் குடிசைக்குள் என்னை யாரும் வாங்க என்று சொன்னதில்லை. நானாகப் போவேன், நானாக வருவேன். பாய் விரித்ததில்லை. யாரோ வெளியூர்க்காரியிடம் பேசுவது மாதிரி அவள் பேசியது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் என்ன விருந்தாளியா? அரசி அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, நான் உட்காரப் போகிறேனா என்று ஆவலோடு பார்த்தாள். படத்தையும் அழித்துவிட்டு, என்னையும் அந்நியமாக்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே வைத்த காலை வெளியே எடுத்து வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். வழியெல்லாம் அழுதேன். அன்றைக்குக் கிணற்றடியில் கால்கூடக் கழுவவில்லை.

மற்றவர்களை உள்ளே வாங்க என்று கூப்பிட, முதலில் அது தன் வீடாக இருக்க வேண்டும் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. அவள் தன் வீட்டுக்கு முதன்முதலாகக் கூப்பிட்டது என்னைத்தான். நான் போகவில்லை.